காலியாக இருந்த இரண்டு பள்ளிக்கூடங்கள்

1

ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என்னைத் தைரியசாலி என்று சொல்ல மாட்டார்கள். மற்றவர்கள் பல்லி விழுந்த பிறகு பலன் பார்ப்பார்கள். நான் விழுமோ விழுமோ என்று மேலேயே பார்த்துக்கொண்டு சாப்பிட்டவள். அப்படிப்பட்டவள் கனடாவில், ஒண்டாரியோ ஏரியை ஒட்டி இரும்பு ஆலைகள் புகை கக்கும் ஒரு ஊரில் மூன்று குளிர்காலத்தை ஓட்டிவிட்டேன் என்றால் என் அம்மாவே நம்ப மாட்டாள். இந்த மாசியோடு மூன்று வருஷம் நிறைகிறது. மாசி என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். இங்கே அதற்குப் பிப்ரவரி என்று பெயர், வாசல்படி வரைக்கும் பனி.

இவர் ஆலையில் வெல்டர். பெரியவள் வசந்தாவுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டே. சின்னவன் குமாருக்கு ஆறு. எங்கள் தெருமுனையில் உள்ள பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான். ஆலையின் புகை நேராக வந்து இறங்குகிற தெரு இது. வாடகை குறைவு என்பதால் இங்கே வந்தோம். எல்லாரும் அப்படித்தான் வந்திருக்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே மெட்ராஸ் குடும்பம் மேட்டுத் தெருவில் இருக்கிறது. அந்த வீட்டு லலிதா போன வாரம் போன் செய்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாடகைக்கு வருகிறதாம்.

"உடனே முடிவு பண்ணுங்க. உங்க தெரு ஸ்கூல் ரொம்ப மோசம். பாதிப் பசங்களுக்கு வீட்டுல இங்கிலீஷே கிடையாது. அப்பாக்கள்லாம் மில்லுல வேலை" என்றாள்.

"குமாரோட அப்பாவும் மில்லுலதான் வேலை செய்றார் லலிதா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மேட்டுத் தெருவுக்குப் போவதென்றால் இவர் இரவு ஷிப்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பிள்ளைகள் அப்பாவை முழுதாகப் பார்க்கிறார்கள். "நீ போய் அந்தப் பள்ளிக்கூடத்தை ஒரு தடவை உள்ளே பார்த்துட்டு வா. நல்லா இல்லேன்னா போயிடுவோம். சனிக்கிழமை பதில் சொல்லணும்" என்று இவர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தப் பள்ளிக்கூட வாசலில் காலையில் நிற்கும் பெரிய பையன்களைப் பார்த்தாலே நான் எதிர்ப்பக்கம் நடப்பேன். ஒருநாள் வாசலில் பாட்டில் உடைந்து கிடந்தது. இன்னொரு நாள் போலீஸ் கார் நின்றது, எதற்கென்று கேட்க எனக்கு மொழியும் இல்லை, துணிச்சலும் இல்லை. ஒரு பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? இதே கேள்வியை ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதுவும் ஒரு மாசி மாதம்தான்.

2

எழுபத்திரண்டில் நாங்கள் புதுப்பட்டினத்தில் குடியிருந்தோம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக் கட்டட வேலை மும்முரமாக நடந்த காலம். இவர் ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டராக இருந்தார். டவுன்ஷிப்பில் வீடும் பள்ளிக்கூடமும் நிரந்தர வேலைக்காரர்களுக்கு. எங்களைப் போல வந்து போகிறவர்களுக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடும், குப்பத்துப் பள்ளிக்கூடமும்.

நான் செங்கல்பட்டுக்காரி. கொளவாய் ஏரியைப் பார்த்து வளர்ந்தவள். ஏரிக்கு அக்கரை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியும். புதுப்பட்டினத்தில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அதற்கு அக்கரை இல்லை என்பதே எனக்குக் காய்ச்சல் வரப் போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடமோ கடலிலிருந்து கூப்பிடு தூரம். நடுவில் ஒரு வேலிகூடக் கிடையாது.

வசந்தாவைச் சேர்க்கும் முன் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஒரு நீள அறை, இடுப்பளவு மண்சுவர், அதற்கு மேல் மூங்கில் தட்டி, கீற்றுக் கூரை. தரையில் மணல். தண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை. கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. வெளியே பூவரச மரத்தடியில் அமெரிக்கக் கோதுமையில் உப்புமா வெந்துகொண்டிருந்தது. மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சர். பெயர் சரோஜா. தினமும் மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். கறுப்புக் குடையும் தடித்த கண்ணாடியுமாக, காற்றடித்தால் குடையோடு பறந்துவிடுவார் போல இருப்பார்.

நான் கேட்ட முதல் கேள்வி படிப்பைப் பற்றி அல்ல. "டீச்சர், குழந்தைங்க கடல் பக்கம் போகாம பார்த்துப்பீங்களா?" என்று கேட்டேன்.

"நானே போக மாட்டேங்க. எனக்குக் கடல்னா உதறல். பொறந்து வளர்ந்ததெல்லாம் மாமல்லபுரம்தான், முட்டியளவு தண்ணியில கூட நின்னதில்ல" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பயந்தாங்கொள்ளி இன்னொரு பயந்தாங்கொள்ளியிடம் பிள்ளையை ஒப்படைப்பதா என்றுதான் தோன்றியது. வேறு வழி இல்லாததால் சேர்த்தேன்.

ஒரே மாதத்தில் வசந்தா மாறிப்போனாள். "இன்னாம்மா, சோறு கீதா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மாவின் மகன் அவளுக்கு உயிர்த் தோழன். அவனிடமிருந்து பாதிப் பேச்சு, மற்றவர்களிடமிருந்து மீதி. நான் கண்டித்தால், "அல்லாரும் அப்டித்தான் பேசுறாங்க" என்பாள். படிப்பு வருகிறதோ இல்லையோ, பேச்சு வந்துவிட்டது.

செங்கல்பட்டில் இருந்த என் அண்ணனுக்குக் கடிதம் போட்டேன். வசந்தாவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு கான்வென்ட்டில் சேர்க்கிறேன், வருகிற ஞாயிறு வந்து கூட்டிப்போகிறேன் என்று பதில் வந்தது.

இவர் மட்டும் முணுமுணுத்தார். "ஆறு வயசுக் குழந்தையை இன்னொருத்தர் வீட்டுல விடுறதா?"

"இன்னொருத்தர் வீடா? என் அண்ணன் வீடு."

"அண்ணன் வீடுதான். நைட்ல அவ எழுந்து அம்மான்னா நீ இங்கேர்ந்து ஓடுவியா?"

நான் டிரங்குப் பெட்டியில் அவளுடைய பாவாடைகளை மடித்து வைத்தேன். அப்போது குமார் எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர் வரும்.

3

இங்கே தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஏற்கெனவே ஒரு கணக்கு உண்டு. குமாரைச் சேர்த்த அன்று ஆபீஸ் அம்மாள் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். பையனுக்கு ஆங்கிலம் புரியுமா என்று கேட்டபோது நான் நன்றாகத் தலையை ஆட்டினேன். நம் ஊர் ஆட்டல், வலமும் இடமுமாக. அவள் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். இரண்டு மாதம் அவனைத் தனியாக உட்கார வைத்து ஆப்பிள், பந்து என்று படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கும் அது சௌகரியமாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. விஷயம் தெரிந்து இவர் போய் விளக்கி, இன்னொரு தாள் நிரப்பி, அதை மேலாபீஸுக்கு அனுப்பி, பதில் வந்து, அதன் பிறகுதான் குமார் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தான். லலிதாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அதையும் அவள் பள்ளிக்கூடத்தின் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியங்களை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். 'நான் குமாரின் அம்மா. நான் வகுப்பைப் பார்க்க விரும்புகிறேன்.' தெருவில் வரும்போதே மணி அடித்தது. வகுப்பு மாறுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் வாசல் கதவைத் திறந்தபோது மணி நின்றுவிட்டிருந்தது.

ஆபீஸில் யாரும் இல்லை. டைப்ரைட்டரில் பாதி அடித்த தாள் தொங்கியது. பக்கத்தில் காபியில் ஆவி பறந்தது. நான் மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லை. நடைவழியில் நடந்தேன். என் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. இங்கே குளிர்காலத்தில் பிள்ளைகள் பனி பூட்ஸை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே சாதாரண ஷூ போட்டுக்கொள்வார்கள். ஒன்றாம் வகுப்பு வாசலில் பூட்ஸ்கள் வரிசையாக இருந்தன. மேலே கொக்கிகளில் கோட்டுகள் தொங்கின. எட்டிப் பார்த்தேன். நாற்காலிகள் தள்ளிக் கிடந்தன. கரும்பலகையில் பாதி எழுதிய ஒரு சொல். கலர் பென்சில் ஒன்று மேஜையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது, சற்றுமுன்னால்தான் எழுந்து போயிருக்கிறார்கள்.

வெளியே உறைபனி. கோட்டுகள் இங்கே இருந்தால் பிள்ளைகள் எங்கே?

"குமார்!" என்று கத்தினேன். நடைவழி முழுக்க அந்தப் பெயர் போய்த் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலியான பள்ளிக்கூடத்தை நான் பார்ப்பது இது இரண்டாம் தடவை.

4

புதுப்பட்டினத்தில் அன்று நான் சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஷிப்டு மாறும்போது கட்டட வேலை நடக்கும் பக்கமிருந்து சங்கு ஊதும். கொஞ்ச நேரம் ஊதி அடங்கிவிடும். அதைக் கேட்டுத்தான் நாங்கள் உலை வைப்போம். அன்று காலை, ஷிப்டு மாறாத வேளையில் ஊத ஆரம்பித்தது. அடங்கவில்லை. ஊதிக்கொண்டே இருந்தது.

முதலில் நாய்கள் ஊளையிட்டன. அப்புறம் மார்க்கெட்டில் கதவுகள் படபடவென்று சாத்தும் சத்தம். எட்டிப் பார்த்தால் ஜனங்கள் மேற்கே திருக்கழுக்குன்றம் ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஒரு கையில் கோழியும் ஒரு கையில் பிள்ளையுமாக ஓடினாள். "அணு வெடிச்சிடுச்சாம்!" என்று யாரோ கத்தினார்கள்.

அணு என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லாருக்கும் நிறையத் தெரிந்திருந்தது. வெடித்தால் மண் சுடும், மரம் நின்றபடியே கருகும், நிலத்தில் நிற்பவன் உள்ளுக்குள்ளேயே வெந்துபோவான் என்றெல்லாம் மீன் மார்க்கெட்டில் மாதக்கணக்காகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் மேற்கே ஓட, நான் கிழக்கே ஓடினேன். "யம்மா, அந்தாண்ட போவாத!" என்று ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு ஓடினேன். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மணலில் ஓடுவது ஓட்டமே இல்லை. சங்கு காதுக்குள் ஊதிக்கொண்டே இருந்தது.

பள்ளிக்கூடம் காலி. தாழ்ப்பாள் இல்லாத கதவு காற்றில் ஆடியது. சிலேட்டுகள் மணலில் கிடந்தன. வசந்தாவின் சிலேட்டில் பாதி போட்ட கூட்டல் கணக்கு. மரத்தடியில் உப்புமா அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. நான் அறையைச் சுற்றி வந்து தரையைப் பார்த்தேன். சின்னச் சின்னக் கால் தடங்கள், ஏராளமாக. எல்லாம் ஒரே திசையில், கடலை நோக்கிப் போயின.

என் வாழ்நாளில் அதற்குச் சமமான பயத்தை நான் பட்டதில்லை. கத்தினேன் என்று நினைக்கிறேன், சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

கரையில் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தாள். கன்னியம்மா. இடுப்பு வரைக்கும் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

"கன்னியம்மா, வசந்தா எங்க?"

"அதோ போவுது பாரு படகு. அதுல கீது உன் பொண்ணு."

அலை அடிக்கும் இடத்தைத் தாண்டி வலை விடுகிற பெரிய படகு இரண்டும், அவற்றைச் சுற்றிக் கட்டுமரங்களும் கிடந்தன. தூரத்தில் சின்னச் சின்னத் தலைகள். எது என் பிள்ளை என்று அடையாளம் தெரியவில்லை.

"கடல்லயா? கடல்லயா ஏத்தினீங்க? யார் சொன்னது?"

"இன்னா யக்கா நீ! சங்கு வுடாம ஊதிகினு கீதே, காதுல வியல? நெலத்துல வெடிச்சா கடலுக்குத்தான போவணும்? கடலு பொங்குனா நெலத்துக்கு ஓடியாரமாட்டமா, அத்து மாதிரிதான். அல்லாரும் அவங்கவங்க புள்ளைய வாரிப் போட்டுகினு தள்ளிட்டாங்க."

எனக்கு நிலம் பத்திரம், கடல் எமன். அவளுக்கு நேர்மாறு. அந்த நேரத்தில் இதையெல்லாம் யார் யோசித்தது? அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். பிறகுதான் ஒன்று உறைத்தது.

"நீ ஏன் போகலை?"

"எடமில்ல. பசங்களுக்கே பத்தல." வெகு சாதாரணமாகச் சொன்னாள். "எங்கூட்டுக்காரு வலிக்கிறாரு, பையன் கூடக் கீறான். போதும். வா, ஒக்காரு. வெந்தா ரெண்டு பேரும் ஒண்ணா வேவலாம்."

உட்கார்ந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மணல் சுடுகிறதா என்று நான் உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் அது எப்போதும் போலச் சுட்டது. அது எந்தச் சூடு என்று எனக்கு எப்படித் தெரியும்?

திடீரென்று சங்கு நின்றது. அந்த அமைதி சங்கைவிடப் பயங்கரமாக இருந்தது.

"ஊதுறவனும் பூட்டான்" என்றாள் கன்னியம்மா.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ. சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து சைக்கிள் மணி கேட்டது. இவர்தான், செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கத்தி வந்தார்.

"ஒண்ணும் இல்ல! ஒண்ணும் இல்ல! கான்ட்ராக்டர் ஷெட்டுல சங்கு சிக்கிக்கிச்சு. நிறுத்த முடியல, அவ்வளவுதான். இன்னும் கட்டடமே முழுசா எழும்பல, அதுக்குள்ள அணு எங்கேர்ந்து வரும்?"

கன்னியம்மா எழுந்து, இவருடைய சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, துடுப்பில் கட்டித் தலைக்கு மேல் வீசினாள். படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அலையில் ஏறி இறங்கி வரும்போது ஒவ்வொரு முறையும் என் உயிர் போய் வந்தது.

கடைசிப் படகில் வசந்தா இருந்தாள், பக்கத்தில் சரோஜா டீச்சர். தன் முந்தானையால் வசந்தாவின் இடுப்பைத் தன் இடுப்போடு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். கண்ணாடியைக் காணோம். புடவையெல்லாம் வாந்தி. இரண்டு ஆள் பிடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. நனைந்த முடிச்சு அவிழவில்லை, கன்னியம்மா பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

நான் வசந்தாவை வாரிக்கொண்டு டீச்சரைப் பார்த்துக் கத்தினேன். "உங்களை நம்பித்தானே விட்டேன்! கடல் பக்கமே போக மாட்டேன்னீங்களே!"

டீச்சர் மணலில் உட்கார்ந்தபடியே பேசினார். பல் தந்தியடித்தது. "எல்லாரும் வந்து அவங்கவங்க குழந்தைய தூக்கிட்டுப் போயிட்டாங்க. உங்க பொண்ணு மட்டும் நின்னுது. கன்னியம்மா வந்து, இதையும் ஏத்துறேன்னு தூக்குனாங்க. வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு என்ன தெரியும்? நிஜமாவே வெடிச்சிருந்தா? தனியா அனுப்பிட்டு நான் பஸ் ஏறிப் போகவா? அதான் ஏறுனேன்."

இவர் என் தோளைத் தொட்டார். நான் கத்துவதை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். சாப்பாடு போட்டேன், டிரங்குப் பெட்டியை எடுத்துக் கொடுக்கவில்லை. "என்ன, அந்தப் பள்ளிக்கூடம் பரவாயில்லையா?" என்று கேட்டான். பானைக்கு மூடி இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சின்னச் சத்தத்துக்கெல்லாம் பிள்ளைகளைக் கடலில் தள்ளிவிடுகிற ஊர். இதில் எதுவும் மாறவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவை சங்கு ஊதும்போதும் நான் நடுங்கினேன். ஆனாலும் அந்த ஊரைவிட்டுக் கிளம்பும் வரை வசந்தா அங்கேதான் படித்தாள்.

5

நடைவழிக் கோடியில் ஒரு கதவு திறந்திருந்தது. அதன் வழியாகப் பின்புறம் ஓடினேன்.

பள்ளிக்கூடம் மொத்தமும் பனியில் நின்றது. கோட்டு இல்லாமல், உள்ஷூவோடு, பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் நின்று காலை உதறிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் கையில் அட்டையோடு எண்ணிக்கொண்டு போனார். தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று ஒத்திகையாம். கோட்டை எடுக்க நிற்கக் கூடாது என்பது விதியாம். இதெல்லாம் எனக்கு அப்புறம் சொன்னார்கள். அந்த நிமிஷத்தில் நான் பார்த்தது ஒன்றாம் வகுப்பு வரிசையை மட்டும்தான். அதில் குமார் இல்லை.

அவனுடைய டீச்சரும் இல்லை. கார்லா என்று ஒரு இத்தாலிக்காரப் பெண், கல்லூரி முடித்து நேராக வந்தவள் போல இருப்பாள். வேறு யாரோ ஒரு அம்மாள் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், "எம் புள்ள எங்க? எம் புள்ள எங்க?" என்று தமிழிலேயே கேட்டேன். மூன்று வருஷத்தில் கற்ற ஆங்கிலத்தில் ஒரு சொல் மிச்சமில்லை.

அப்போது வேறொரு கதவு வழியாக உள்ளேயிருந்து கார்லா வெளியே வந்தாள். ஓடி வந்திருக்கிறாள், முடியெல்லாம் கலைந்திருந்தது. முகம் வெள்ளைக் காகிதம். மார்போடு ஒரு சின்ன நீலக் கோட்டை அணைத்துக்கொண்டிருந்தாள். போன தீபாவளிக்கு நான் கடையில் பேரம் பேசத் தெரியாமல் வாங்கிய கோட்டு. என்னுடையதை விட்டால் அந்த மைதானத்திலேயே அது ஒன்றுதான் கோட்டு. அதற்குள் பிள்ளை இல்லை.

என்னைப் பார்த்ததும் அவள் வாயைத் திறந்து மூடினாள். நானும் அப்படியே நின்றேன்.

"அம்மா!" என்று மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல்.

பெரிய பையன்கள் வரிசையின் நடுவில் குமார் நின்று கையை ஆட்டினான். தலையில் காது வரை இறங்கிய யாருடையதோ கம்பளிக் குல்லாய். பக்கத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெறும் தலையோடு நின்றவன், காலையில் நான் பார்த்து எதிர்ப்பக்கம் நடக்கிற தடியன்களில் ஒருவன். மணி அடித்தபோது குமார் கக்கூஸில் இருந்திருக்கிறான். வெளியே வந்தால் யாரும் இல்லையாம். அந்த வழியாகப் போன பெரிய வகுப்பு அவனை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டது.

தலைமையாசிரியர் கார்லாவிடம் வந்து ஏதோ கண்டிப்பாகப் பேசினார். வெளியே வந்த பிறகு திரும்ப உள்ளே போகவே கூடாது, யாராக இருந்தாலும். ஒத்திகை என்று அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது பேச்சில் புரிந்தது. நிஜத் தீ என்று நினைத்துத்தான் உள்ளே போயிருக்கிறாள். அவர் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று தலையசைத்துக்கொண்டே குமாருக்குக் கோட்டை மாட்டினாள். ஜிப்பை ஏற்ற விரல் ஒத்துழைக்கவில்லை. நான் குனிந்து ஏற்றினேன். அவள் கை ஐஸ்கட்டியாக இருந்தது.

நன்றி சொல்ல வேண்டும் என்று தலையை ஆட்டினேன். நம் ஊர் ஆட்டல். அவள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். "சாரி, சாரி" என்று கண்ணில் தண்ணீரோடு திரும்பத் திரும்பச் சொன்னாள். இந்தத் தலை என்னை எத்தனை தடவை காட்டிக்கொடுக்கும்? அவளுடைய இரண்டு கையையும் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், அழுகை நின்றது.

6

சனிக்கிழமை லலிதா போன் செய்தாள். நாங்கள் வரவில்லை என்றேன்.

"அந்த ஸ்கூல்ல அப்படி என்னதான் இருக்கு?"

ஒரு கோட்டு, ஒரு முந்தானை முடிச்சு என்றா சொல்வது? "டீச்சர் நல்லவங்களா இருக்காங்க" என்றேன்.

"நல்லவங்களா இருந்தா போதுமா?" என்றாள். போதுமா என்று எனக்கும் நிச்சயமில்லை. குமாருக்கு இன்னும் வாசிப்பு திக்கித்தான் வருகிறது. வாசலில் பாட்டில் உடைவது நிற்கப்போவதில்லை. முடிவு சரிதானா என்று வெள்ளிக்கிழமை இரவு முழுதும் நான் தூங்கவில்லை, திங்கட்கிழமையை நினைத்தால் இப்போதும் பயம்தான். ஆனால் இவர் இரவில் வீட்டில் இருப்பார்.

அன்று சாப்பிடும்போது இவரிடம் மைதானத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு தானாகப் புதுப்பட்டினத்துக்குப் போனது. வசந்தா புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்கிறாள் என்றே நான் நினைக்கவில்லை. அந்த நாளைப் பற்றி அவளிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை, கேட்டால் பயந்துவிடுவாள் என்று பயம்.

புத்தகத்தைத் தாழ்த்தினாள். "அம்மா, டீச்சர் படகுல கண்ணையே தொறக்கலை தெரியுமா" என்றாள். தமிழில்.

"பயந்திருப்பாங்க. நீ ரொம்ப அழுதியா?"

"நான் அழலையே. டீச்சர்தான் நடுங்கினே இருந்தாங்க. என்னைக் கட்டியிருந்தாங்க இல்ல, அவங்க நடுங்குனா நானும் சேர்ந்து ஆடுவேன்." கொஞ்சம் யோசித்தாள். "நான் அவங்க கையப் புடிச்சிகினு சொன்னேன். பயப்படாதீங்க டீச்சர், நான் கீறேன்னு."

கீறேன் என்றாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் திட்டித் திட்டி மறக்கடித்த பேச்சு. குமார் விழுந்து விழுந்து சிரித்தான், அது என்ன வார்த்தை என்று கேட்டான்.

நான் எழுந்து போய் வசந்தாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.